உருகும் யானையும் உதவும் கையும்

ஈதலைப் பற்றிப் பேசும்போது தமிழர் முகத்தில் சிரிப்புத் தோன்றுவதில்லை. கொடை என்றவுடன் பாரியும் பேகனும் குமணனும் நம் நினைவில் வந்து நிற்கின்றனர். முல்லைக்குத் தேர், மயிலுக்குப் போர்வை, புலவனுக்குத் தன் தலை என்று, கொடுத்தற்கு அரியவற்றைக் கொடுத்தோரையும் கொடுக்க முன்வந்தோரையுமே நாம் வள்ளல்கள் எனப் போற்றி வந்துள்ளோம். அந்த வரிசையின் கடைசியிலாவது, பனிக்கட்டியாற் செய்த யானை ஒன்றின் துதிக்கை எத்தனை மணிக்கு விழும் என்று ஊகித்து ஐம்பது ரூபாய் கட்டிய மனிதனுக்கு ஓர் இடம் உண்டா? கேட்பதற்கு நகைப்புக்கு இடமான வினாதான். ஆயினும் 2018 ஆம் ஆண்டுத் தைத் திங்களில் இதே வினாவை, எழுபது வயதைக் கடந்த தமிழாசிரியர் ஒருவர் சிறிதும் நகையாமல் எங்கள் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று கேட்டார். அன்று அவருக்கு விடை சொல்ல எங்களுள் எவராலும் இயலவில்லை. காலந்தாழ்த்தி அவருக்கு எழுதும் விடையாக இக்கட்டுரையைக் கொள்ளலாம். முழு விடை என்று உரிமை கொண்டாட மாட்டோம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுவோம். தில்லியை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நூற்றுக்குச் சற்று மேல் உண்டு. அவற்றுள் ஒரு குடும்பத்திற்கு அவ்வாண்டு மருத்துவச் செலவுக்காகப் பெருந்தொகை வேண்டியிருந்தது. இன்னிசைக் கச்சேரி வைக்கலாம் என்றார் ஒருவர். சென்னையிலிருந்து பேச்சாளர்களை அழைத்துப் பட்டிமன்றம் நடத்தலாம் என்றார் மற்றொருவர். இரண்டிலும் செலவு வரவை விழுங்கிவிடும் என்று பொருளாளர் தாளில் எழுதியே காட்டினார். பெயரைச் சொல்லி வீடு வீடாகச் சென்று கேட்டால் என்ன என்று மூன்றாமவர் வினவியபோது அவையில் ஒரு மௌனம் நிலவியது. அந்த மௌனத்தின் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம். அம்மௌனத்தைக் கலைத்தவர், அமெரிக்காவில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியிருந்த இளைஞர். குளிர்நாட்டார் பனிக்கட்டியை வைத்தே ஊர்நிதி திரட்டும் வேடிக்கையை அவர் எடுத்துரைத்தார். நாங்கள் சிரித்தோம், சிரித்துக்கொண்டே இசைந்தோம். அப்போதுதான் ஆசிரியர் எழுந்தார். “துன்பப்படும் ஒருவனுக்கு உதவுவதற்குக்கூட நமக்கு ஒரு விளையாட்டு வேண்டுமா? இது ஈகையா, சூதா?” என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.

இந்த வேடிக்கை பிறந்த நாடுகளில் அது எவ்வாறு நடக்கிறது என்பதை அறிந்தால் வினாவின் ஆழமும் புலப்படும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்தது செயின்ட் பால் நகரம். 1885 இல் நியூயார்க் நகரத்துச் செய்தியாளர் ஒருவர் அவ்வூரைப் பற்றி, இது மற்றொரு சைபீரியா, குளிர்காலத்தில் மனிதர் வாழத் தகாதது என்று எழுதிவிட்டார். ஊரார்க்குச் சினம் மூண்டது. ஆயினும் அவர்கள் வழக்குத் தொடுக்கவில்லை. மறுப்புக் கட்டுரையோடு அமையவுமில்லை. 1886 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பனிக்கட்டிப் பாளங்களை அடுக்கி ஒரு மாளிகையே கட்டி, உலகத்தை விருந்துக்கு அழைத்தார்கள். அந்த விழாவின் கதைப்படி, குளிரின் அரசனான போரியாசு ஊரை ஆள்வான். இறுதியில் நெருப்பின் அரசனான வல்கன் தன் செவ்வுடைப் படையோடு வந்து அவனை விரட்டுவான். நகரத்துப் பெரிய மனிதர்களே இவ்வேடங்களைப் புனைவார்கள். விழாவின் சின்னம் பொறித்த பொத்தான்களை விற்று விழாவுக்குப் பொருள் திரட்டுவார்கள். எங்கள் யானை நின்ற அதே 2018 சனவரியிலும் அந்நகரில் ஒரு பனிக்கட்டி மாளிகை எழுந்தது. அதற்கும் எங்கள் யானைக்கும் உறவு ஏதுமில்லை என்றாலும், அச்செய்தியைப் பின்னர் அறிந்தபோது எங்களுக்குச் சிறிது பெருமை உண்டானதை மறைப்பானேன்?

அலாஸ்காவில் தனனா ஆற்றங்கரையிலுள்ள நெனானா என்ற சிற்றூரின் வேடிக்கை இன்னும் சுவையானது. அங்கு இருப்புப்பாதை அமைக்க வந்தவர்கள் 1917 ஆம் ஆண்டில், உறைந்து கிடக்கும் ஆறு எந்த நாளில் உடைந்து ஓடத் தொடங்கும் என்று தமக்குள் பந்தயம் கட்டினார்கள். சேர்ந்த தொகை 800 டாலர். அவ்வாண்டு ஏப்ரல் 30 ஆம் நாள் முற்பகல் 11.30 மணிக்கு ஆறு உடைந்தது. தொழிலாளர் பொழுதுபோக்காகப் பிறந்த அது ஊர் வழக்கமாகி, நூறாண்டு கடந்தும் நடந்து வருகிறது. ஆற்றின் உறைபரப்பில் மரத்தாலான ஒரு முக்காலியை நட்டு, அதிலிருந்து கம்பி இழுத்துக் கரையிலுள்ள கடிகாரத்தோடு பிணைக்கிறார்கள். பனி உடைந்து முக்காலி நூறடி தூரம் நகர்ந்ததும் கடிகாரம் நின்றுவிடும். அந்த மணியை, நிமிடம் பிசகாமலோ அதற்கு மிக அண்மையிலோ ஊகித்தவர்க்குப் பரிசு. சீட்டு விற்ற தொகையில் ஒரு பெரும்பகுதி பரிசாகிவிட, கூலியும் வரியும் ஏனைய செலவும் கழித்து எஞ்சுவது அறப்பணிகளுக்குப் போகிறது. முக்காலி என்று பெயரே தவிர, உண்மையில் அதற்குக் கால்கள் நான்கு! பெயரைத் திருத்த வேண்டும் என்று அவ்வூரில் எவரும் பிடிவாதம் செய்ததாகத் தெரியவில்லை. நம்மவராக இருந்தால் அதற்கென்றே ஒரு துணைக்குழு அமைத்திருப்போம்.

இவ்விளையாட்டின் ஏடுகள் இன்று அறிவியலார்க்குப் பயன்படுகின்றன. 1964 இல் மே 20 வரை உடையாமல் கிடந்த ஆறு, 2019 இல் ஏப்ரல் 14 ஆம் நாளே, அதற்கு முன் எக்காலத்தும் இல்லாதவாறு முந்தி உடைந்தது. புவி வெம்மையுறுவதை ஆராய்வோர், பந்தயக்காரர்கள் பரிசுக்காகத் துல்லியமாகக் குறித்துவைத்த நாட்களைத் தம் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டனர். பொருளாசையும் சில வேளைகளில் உண்மைக்குத் தொண்டு செய்கிறது. எல்லா ஊர்களிலும் இத்தகைய நற்பயன் விளைந்ததாகச் சொல்வதற்கில்லை. ஏரிகள் உறையும் ஊர்கள் பலவற்றில் பழைய மோட்டார் வண்டியைப் பனிமேல் நிறுத்தி, அது மூழ்கும் நேரத்திற்குச் சீட்டு விற்றார்கள். வண்டியின் எண்ணெய் ஏரியைக் கெடுத்தது. பிறகு எந்திரத்தைக் கழற்றிவிட்டு வெறுங்கூட்டை நிறுத்தினார்கள். சில இடங்களில் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள்.

இனி ஆசிரியரின் வினாவுக்கு வருவோம். அவர் பக்கம் நிற்பவர் எளியவர் அல்லர், வள்ளுவரே நிற்கிறார். இல்லாதவர்க்கு ஒன்றைக் கொடுப்பதே ஈகை, மற்றவையெல்லாம் திருப்பிப் பெறும் நோக்கோடு கொடுக்கும் கைம்மாற்று என்பது ஈகை அதிகாரத்தின் முதற்குறள் தரும் கருத்து. சூதினால் வரும் வெற்றியைக்கூடத் தூண்டிலை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டுச் சொன்னவர் அவர். சங்கப் புலவராகிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் வள்ளலைப் பாடும்போது, இப்பிறவியில் செய்தது மறுபிறவிக்கு உதவும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அவன் அல்லன் என்று புகழ்கிறார். மறுமைப் பயனை எதிர்பார்த்துக் கொடுப்பதே வணிகமாயின், ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டுக் குக்கர் ஒன்றை எதிர்பார்ப்பது எத்தகையது என்று சொல்லவும் வேண்டுமோ? (எங்கள் பந்தயத்திற்குப் பரிசு ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர்.)

இந்த அளவுகோலை நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் அன்றாட வாழ்வில் அதைக் கையிலேந்தி நடந்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கோயில்களில் தொங்கும் டியூப் லைட்டுகளைக் காணாதார் யார்? ‘உபயம்’ என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், தந்தை பெயர், கடையின் பெயர் எல்லாம் சிவப்பு வண்ணத்தில் எழுதியபின் வெளிச்சம் வருவதற்கு விரற்கடை இடமே எஞ்சியிருக்கும். சங்க மலர்களின் பின்பகுதியைப் புரட்டினாலும் இதே காட்சிதான். வாழ்த்துக் கூறும் விளம்பரங்களின் தோளில் ஏறித்தான் நம் கட்டுரைகள் அச்சேறுகின்றன. இதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை. இவ்வழக்கம் நேற்று வந்ததும் அன்று. தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராசன் தான் கொடுத்தவற்றையும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் செய்தான். அணையா விளக்குக்கு ஆடு கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழகமெங்கும் கோயிற் சுவர்களில் கிடக்கின்றன. பெயரை விரும்பாமல் எல்லாரும் கொடுத்திருந்தால் நம் கல்வெட்டாராய்ச்சியாளர்க்கு வேலையே இருந்திராது. நமக்கும் வரலாறு கிடைத்திராது. கல்லில் பெயர் வெட்டிக்கொண்டவன் கைம்மாறு கருதாதவன் என்றும், பனிக்கட்டி யானைக்குச் சீட்டு வாங்கியவன் மட்டும் வணிகன் என்றும் சொன்னால் அது நேர்மையாகுமா? பனிக்கட்டிக்கு ஒரு குணம் உண்டு. அதில் எவர் பெயரை எழுதினாலும் மறுநாள் இராது.

எனினும் இவ்வாறு வாதிடுவதெல்லாம் கொடுப்பவனுடைய உள்ளத்தை மட்டும் எடைபோடும் வேலையே. அவன் தூயவனா, வணிகனா என்று நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறோம். வாங்குபவன் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது? வள்ளுவர் அதையும் விட்டுவிடவில்லை. இரத்தலைப் பற்றி ஓர் அதிகாரமும், இரத்தலுக்கு அஞ்சுதல் பற்றி மற்றோர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்தார். பிறரிடம் இரந்துதான் உயிர் வாழவேண்டும் என்று ஒருவனுக்கு விதித்திருந்தால், அவ்வாறு விதித்தவனும் அலைந்து கெடுவானாக என்று படைத்தவனையே சபித்த குரல் அது. பொறுமையை வற்புறுத்திய அந்த அறிஞர் பொறுமை இழந்த இடம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சுட்ட வேண்டும்.

இப்போது அந்த மௌனத்தின் காரணத்தைச் சொல்லலாம். 2015 ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். எங்கள் குடியிருப்பில் அலுவலக எழுத்தராக இருந்த அன்பர் ஒருவர் முந்திய ஆண்டு திடீரென மறைந்தார். மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகனும் திகைத்து நின்றனர். நல்லெண்ணத்தோடு நிதி திரட்டினோம். எவரும் குறை சொல்ல முடியாதபடி கணக்கும் வைத்தோம். பிறகு விழா மேடையில் ஒலிபெருக்கியில் அவர்கள் பெயரைப் படித்தோம். அவர்களது நிலையை ஒருவர் உருக்கமாக விவரித்தார். கொடுத்தவர் பட்டியலைத் தொகையோடு மற்றொருவர் வாசித்தார். அந்த அம்மையாரை மேடைக்கு அழைத்து, உறையைக் கையில் கொடுத்து, புகைப்படத்துக்காகச் சிறிது நேரம் அப்படியே நிற்கச் சொன்னோம். கை தட்டினோம். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை; நிமிர்ந்து பார்க்கவுமில்லை. அதன்பின் அக்குடும்பத்தார் எங்கள் விழா எதற்கும் வரவில்லை. வழியில் கண்டால் மகன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். நன்றி மறந்தவர்கள் என்று சொன்னவர்களும் எங்களுள் இருந்தார்கள். எங்கள் ஈகையில் விளையாட்டு இல்லை, சூது இல்லை, கைம்மாறும் இல்லை. ஆசிரியரின் அளவுகோலால் அளந்தால் அது முழு மதிப்பெண் பெறும். ஆனால் அந்த உறையைப் பெற ஒரு பெண் தன் தலைநிமிர்வை விலையாகத் தந்தார். அதை வாங்கிக்கொண்டவர்கள் நாங்கள்.

நெனானாவின் முக்காலிக்கு இந்த இடத்தில் ஒரு பெருமை உண்டு. சீட்டு வாங்க நிற்பவர்களுள் செல்வர் யார், நாளை அந்த நிதியால் உதவி பெறப்போகிறவர் யார் என்று தெரியாது. ஆறு எப்போது உடையும் என்பது எவருக்குமே தெரியாது. அந்த அறியாமையில் எல்லாரும் ஒரு வரிசையில் நிற்கின்றனர். உதவி பெறுபவனும் இரண்டு டாலருக்கோ மூன்று டாலருக்கோ ஒரு சீட்டு வாங்கி, அந்த வரிசையில் சேர்ந்து நகைக்கலாம்.

ஆயினும் சிரிப்பு என்பதனாலேயே அது இனியதாகிவிடாது. பனிக்கட்டியோடு சேர்ந்த சிரிப்பின் மிகக் கொடிய வடிவத்தையும் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. 1740 ஆம் ஆண்டின் கடுங்குளிரில் உருசியப் பேரரசி அன்னா இவானோவ்னா, பீட்டர்சுபர்க் நகரில் நேவா ஆற்றங்கரையில் பனிக்கட்டியால் ஒரு மாளிகை கட்டுவித்தாள். கட்டிலும் தலையணையும் பனிக்கட்டி. மரங்களும் அவற்றில் அமர்ந்த பறவைகளும் பனிக்கட்டி. வெளியே உண்மை அளவில் ஒரு பனிக்கட்டி யானை! பகலில் துதிக்கையால் நீர் பாய்ச்சும். இரவில் எரியும் எண்ணெயை உமிழும். உள்ளே ஒருவன் ஒளிந்திருந்து பிளிறுவான். இத்துணைச் சிறப்பும் எதற்காக? பேரரசியின் சினத்துக்கு ஆளாகி, அரண்மனைக் கோமாளியாக்கப்பட்டுக் கூடையில் கோழிபோல் அமர்ந்து கொக்கரிக்க ஏவப்பட்ட கலீத்சின் என்னும் இளவரசருக்கும், அரண்மனைப் பணிப்பெண்ணாக இருந்த கால்முக்கு இனத்து ஏழைப் பெண்ணுக்கும் வலுவில் மணம் செய்வித்து, அந்தப் பனிக்கட்டிக் கட்டிலில் அவர்களை இரவு முழுதும் அடைத்து வைப்பதற்காக. மணமக்களை யானைமேற் கூண்டில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். பேரரசின் பல இனத்தாரையும் அவரவர் உடையில் வரவழைத்து அவ்வூர்வலத்தில் நடத்தி, அரசவை கண்டு களித்தது. அவ்விருவரும் உயிர் பிழைத்தது அவர்கள் நல்லூழ்.

பீட்டர்சுபர்க்கிலும் பனிக்கட்டி, செயின்ட் பாலிலும் பனிக்கட்டி, இரண்டிடத்தும் சிரிப்பு. ஒன்றில் வலியவர் எளியவரைப் பார்த்துச் சிரித்தனர். மற்றொன்றில் தம்மைச் சைபீரியர் என்று இகழ்ந்த சொல்லைத் தாமே எடுத்து அணிந்துகொண்டு ஊரார் தம்மைப் பார்த்தே சிரித்தனர். இந்த வேற்றுமை நமக்கு நூலறிவாக மட்டும் தெரிந்ததன்று. தென்னாடு முழுவதையும் ‘மதராசி’ என்ற ஒரு சொல்லில் அடக்கி, நம் உச்சரிப்பைத் திரைப்படங்களில் கேலிப்பொருளாக்கிச் சிரித்தவர்களிடையே வீடு பிடித்துப் பிள்ளை வளர்த்த தலைமுறை நம்முடையது. அச்சிரிப்பில் நாம் யாராக இருந்தோம் என்பதை நாம் மறந்திருக்க முடியாது. 2015 ஆம் ஆண்டு மேடையில் எவரும் சிரிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அங்கும் ஒருவரை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் நின்று பார்த்தோம்.

வேடிக்கையான கொடைக்கு எதிராக மற்றுமொரு வாதம் உண்டு. அது வீண்செலவு பற்றியது. 2014 ஆம் ஆண்டில் தலையில் பனிக்கட்டி நீரைக் கொட்டிக்கொள்ளும் அறைகூவல் உலகெங்கும் பரவியது. நரம்புகள் சிதைந்து தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் கொடிய நோய் ஒன்றின் ஆராய்ச்சிக்காக, அமெரிக்காவிலிருந்த அமைப்பு ஒன்றுக்கு மட்டும் சில வாரங்களில் பதினொரு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்நிதியின் துணையோடு நடந்த ஆய்வில் அந்நோயோடு தொடர்புடைய மரபணு ஒன்று 2016 இல் அறியப்பட்டது. பயன் விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்ணீர் லாரிக்காகப் பிளாஸ்டிக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த நமக்கு, வாளி நீரைத் தலையில் கொட்டிச் சிரிப்பது எப்படி உவக்கும்? அதே 2014 ஆகத்து மாதம் ஹைதராபாதைச் சேர்ந்த பெண் பத்திரிகையாளர் ஒருவர் ஓர் அழகிய மாற்றுக் கண்டார். நீர் வாளிக்குப் பதிலாக அரிசி வாளி. அதைத் தலையில் கொட்ட வேண்டா, பசித்த ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வேடிக்கையின் உருவம் அப்படியே நின்றது; வீண் மட்டும் நீங்கிற்று. நாட்டுக்கு நாடு சிரிப்பின் விலை வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பனிக்கட்டியே வீண் என்று சொல்பவர்க்கு லடாக்கைக் காட்டலாம். அங்குச் சோனம் வாங்சுக் என்ற பொறியாளர் 2013-14 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பனிக்கட்டித் தூபி ஒன்றைச் சோதனையாக எழுப்பினார். அடுத்த குளிர்காலத்தில் பெரிய அளவில் எழுப்புவதற்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடைநீரைக் குழாய் வழியாகப் பள்ளத்துக்குக் கொணர்ந்தால், நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழுந்து சிதறும்; இரவுக் குளிரில் உறைந்து கூம்பாக வளரும். கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்புக் குறைவாதலின் அது மெல்ல உருகி, விதைப்புக் காலத்தில் வயலுக்கும் மரக்கன்றுக்கும் நீராகும். அங்கே உருகுதல்தான் கொடை. எங்கள் யானை அத்தகைய பெருமைக்கு உரியதன்று. அது உருகி எங்கள் வாயிற் சாக்கடையில்தான் கலந்தது.

அந்த யானையின் கதையை முடித்துவிடுவோம். முதலில் பிள்ளையார் உருவமே செதுக்கலாம் என்றார்கள். துதிக்கை விழுவதைப் பார்த்துப் பந்தயமா என்று பெண்கள் எதிர்த்ததால் வெறும் யானை போதும் என்று முடிவாயிற்று. நான்கு பாளங்கள் மூன்று சக்கர மிதிவண்டியில் சாக்குப் போர்த்தி வந்து இறங்கின. திருமண விருந்துகளில் அன்னப்பறவை செதுக்கி வைக்கும் தொழிலாளி ஒருவர் ரம்பமும் உளியும் கொண்டு ஒரு விடியற்காலையில் அதை யானையாக்கினார். அன்னமே செதுக்கிப் பழகிய கை, கழுத்து நீண்டுவிட்டது. குழந்தைகளுக்கு அதனால் குறையொன்றும் தோன்றவில்லை. காலை ஒன்பது மணிக்குச் சீட்டு விற்பனை தொடங்கியது. யாருக்காக இந்நிதி என்பதைப் பொருளாளரும் மற்றிருவரும் மட்டுமே அறிவார்கள்; வாங்கியவர் கேட்கவும் இல்லை, கேட்டவர்க்குச் சொல்லவும் இல்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழியை ஒரு சிறுவன் அட்டையில் எழுதி அதன் கழுத்தில் மாட்டினான்.

பிற்பகல் நான்கு மணிக்குள் துதிக்கை விழும் என்பது எங்கள் கணக்கு. அன்று பார்த்துச் சூரியன் வெளிவரவே இல்லை. மூடுபனி காலையில் கவிந்தது மாலையிலும் விலகவில்லை. ஐந்து மணி ஆயிற்று, எட்டு மணி ஆயிற்று, துதிக்கை அசையவில்லை. பஜ்ஜி தீர்ந்தது, சுண்டல் தீர்ந்தது. இளைஞர்கள் குரங்குக் குல்லாய் அணிந்து, கரி அடுப்பை யானைக்கு மிக அருகில் கொண்டுபோகாமல் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்தார்கள். மறுநாள் காலை 6.40 மணிக்குத் துதிக்கை விழுந்தது. காலை ஏழு மணி என்று எழுதியவர் ஒருவரே. அவர் எங்களுக்குப் பாளம் கொண்டுவந்த பீகார்க்காரர். மூடுபனியில் ஐசு உருகாது, வியர்க்கத்தான் செய்யும் என்று தமக்குத் தெரியும் என்றார்.

சங்கத்தாரல்லாத ஒருவருக்குப் பரிசு தரலாமா, தொழிலறிவால் வென்றது முறையா என்றெல்லாம் சிலர் வினவினர். பந்தயம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு வென்றவனுக்குத் தராமலிருப்பது சூதினும் இழிவு என்று அதைத் தீர்த்து வைத்தவர் நம் ஆசிரியரே. அவர் சீட்டு எதுவும் வாங்கவில்லை. ஐந்நூறு ரூபாயைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பெயர் எழுத வேண்டா என்று சொல்லியிருந்தார். பீகார்க்காரர் அந்தக் குக்கரை நிதிக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார், நாமும் கை தட்டலாம் என்று எங்களுள் சிலர் எதிர்பார்த்தோம் போலும். அவர் அதைச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவரிடம் நாம் ஏன் அதை எதிர்பார்த்தோம் என்று பின்னர் நாணினோம். செலவு போக 38,000 ரூபாய்ச் சொச்சம் மிஞ்சியது. அது சேரவேண்டிய வீட்டுக்கு இரவில் போய்ச் சேர்ந்தது.

சீட்டுகளை எண்ணி அடுக்கும்போது ஒரு கையெழுத்தைக் கண்டு பொருளாளர் நிறுத்தினார். மூன்றாண்டுகளாக எங்கள் எந்த விழாவுக்கும் வராத அந்த அம்மையாரின் பெயர். முதல் நாள் மாலை காய்கறிப் பையோடு அவ்வழியே போனவர், யானையின் நீண்ட கழுத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஐம்பது ரூபாயைக் கொடுத்து எழுதிப் போயிருக்கிறார் என்று சீட்டு விற்ற சிறுவன் சொன்னான். அவர் எழுதியிருந்த நேரம் இரவு 7.30. பதினொரு மணி நேரத்துக்கு மேல் பிழை.